காருக்குள் ரேடியோ, கம்பிக்குள் முடிச்சு

மில்லில் ரீலிங் பிரிவில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கே சொல்கிறேன், இப்போது என்ன வந்துவிட்டது? ராட்டில் நூல் எண்பது சுற்றுச் சுற்றினால் மணி அடிக்கும். மணி அடிப்பதற்கு முன்னாலேயே என் கை அங்கே போய் நிற்கும். நூல் அறுந்தால் மற்றவர்கள் போடுகிற முடிச்சு உளுந்து அளவுக்கு உட்கார்ந்திருக்கும். நான் போட்டதை மேஸ்திரி விரலால் தடவித் தடவித் தேடுவார், அகப்படாது. "ஏட்டி, முடிச்சு போட்டியா, எச்சி தொட்டு ஒட்டுனியா?" என்பார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

உலகச் சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்தவர் இல்லை. ரேடியோப் பெட்டிகள் ஏற்றிய சிக்னல் வண்டியை ஓட்டியவர். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர்களோடு குந்தியிருந்து வேலையைக் கற்றுக்கொண்டார். கல்யாணமான நாலாம் மாதம் ராஜபாளையம் ரயிலடியிலிருந்து போனவர், மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தார். போகிற அன்று ரயில் படியேறும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதிருப்பாராம், பின்னால் சொன்னார். ஆக மூன்று வருஷமும் என் ஞாபகத்தில் நின்றது பச்சைப் பை தொங்கிய அவர் முதுகுதான். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் முகம் வராது, முதுகுதான் வரும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

வந்ததும் ஜின்னிங் பாக்டரி முதலாளி ஒருவரிடம் கார் டிரைவராகச் சேர்ந்தார். பழைய பெரிய கார். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்பக்கம் கரி கேஸ் அடுப்பு மாட்டி ஓட்டிய வண்டி. அடுப்பைக் கழற்றிவிட்டாலும் அதைத் தாங்கிய இரும்புச் சட்டம் மட்டும் பின்னால் துருத்திக்கொண்டு நின்றது. முதலாளி சொந்தத்துக்குப் போகாத நாளில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார். என் வீட்டுக்காரர் காலையில் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.

அதில் வந்து மண் விழுந்தது. முதலாளியின் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தச் சம்பந்தி புதுக் கார் வாங்கினார். அதில் சீமை ரேடியோ. போகிறபோதே பாடுமாம். முதலாளி ஒருதரம் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு வந்தவர், தன் காரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்த ஓட்டைக்குப் பெட்ரோல் ஊத்துறது தண்டம். வித்துருதேன். நீ நம்ம லாரிக்குப் போயிரு, பஞ்சுப் பேல் ஏத்திக் கோயம்புத்தூருக்கும் கொச்சிக்கும் அடி" என்றார்.

இவர் சும்மா வந்திருக்கலாம். வரவில்லை. "ரேடியோதான வேணும் மொதலாளி? நான் செஞ்சு வச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டார்.

முதலாளி சிரித்தார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, தாய்வீட்டில் இருந்தாள். ஐந்தாம் மாதம் பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் சீரோடு புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். "அன்னைக்குச் சம்பந்தி வாசல்ல நம்ம கார் பாடிக்கிட்டே போய் நிக்கணும். நின்னுச்சுன்னா கார் உன் கையில. இல்லைன்னா லாரிச் சாவிய வாங்கிக்க" என்றார்.

லாரிக்குப் போனவர்கள் மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டைப் பார்த்தால் பெரிது. அவர் வந்து சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மூணு வருஷம் உங்களப் பட்டாளத்துக்குக் கொடுத்தேன். இனி ஒருத்தனுக்கும் தரமாட்டேன். என்ன செய்யணுமோ சொல்லுங்க, நானும் செய்யுதேன்" என்றேன்.

அந்த நாளில் மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் எடுத்துக் குவித்து விற்பார்கள். இவர் ஒரு சாக்கோடு போய், ஒரு சாக்கு நிறைய வந்தார். பல்லுப்போன வால்வுகள், கண்டென்சர்கள், கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று. கார் பேட்டரியின் ஆறு வோல்ட்டை ரேடியோவுக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றித் தருகிற பெட்டி ஒன்றும் இருந்தது. கிடைத்ததில் அதுதான் பெரிய சாமான். திறந்து பார்த்தால் அதற்குள் இருந்த டிரான்ஸ்பார்மர் கருகிக் கிடந்தது.

"இதுக்குப் புதுசு நமக்குக் கட்டாது. கம்பியப் பிரிச்சிட்டு வேற கம்பி சுத்தணும். ரெண்டாயிரத்து நானூறு சுத்து. ஒண்ணு கூடக் குறையக் கூடாது. என் கைக்கு ஆகுற காரியமில்ல" என்று தலையில் கை வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எண்பதுக்கு ஒரு மணின்னா, ரெண்டாயிரத்து நானூறுக்கு முப்பது மணி. அதுக்கா இந்த அழுகை?" என்றேன்.

கைத் துளைப்பான் ஒன்றை வாசல் நிலைப்படியில் படுக்கவைத்து இறுக்கிக் கட்டி, அதன் வாயில் கம்பி சுற்றுகிற கட்டையை மாட்டிக் கொடுத்தார். நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கட்டை சுற்றும். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. எண்பது சுற்றானதும் தரையில் ஒரு கரிக்கோடு. அடுக்குக்கு அடுக்கு மெழுகுத் தாள் வைத்தேன். அவர் காரைக் கழுவப் போயிருந்தார். இருபத்து மூன்றாவது மணியில், பாதியில், கம்பி பட்டென்று அறுந்தது.

என்ன செய்தேன்? பிறந்ததிலிருந்து எதைச் செய்தேனோ அதைச் செய்தேன். இரண்டு நுனியையும் எடுத்தேன், முடிச்சுப் போட்டேன், மிச்ச வாலைப் பல்லால் கடித்துத் துப்பினேன், மேலே சுற்றினேன். தடவிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் முப்பது கோட்டோடு முழுக் கட்டையை அவர் கையில் கொடுத்தபோது, அறுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சத்தியமாக. மில்லில் ஒரு நாளைக்கு நூறு தடவை அறுகிறது. அதைப் போய் யாராவது யாரிடமாவது சொல்வார்களா?

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டி செய்தார். கிழிந்த ஸ்பீக்கருக்கு மைதாப் பசையும் காகிதமும் வைத்து நான் ஒட்டுப் போட்டேன். அதன் முகத்துக்கு என் பழைய சேலை முந்தியைக் கிழித்து மூடினோம். ஏரியலை எங்கே நடுவது என்று கேட்டபோது, "அதான் அடுப்புச் சட்டம் சும்மா நிக்குதே" என்று நான்தான் சொன்னேன். அந்தத் துருப்பிடித்த சட்டத்தில் ஒரு மூங்கிலைக் கட்டி, அதில் கம்பியை ஏற்றினார்.

முதன்முதலில் தெருவில் காரை நிறுத்திப் பாடவைத்தோம். செத்த நேரம் வால்வு சூடாகும்வரை ஒன்றும் இல்லை. பிறகு திருச்சியிலிருந்து வீணை கேட்டது. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா கன்னத்தில் கை வைத்து, "சால பாகுந்தி!" என்றாள். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அவரைப் பார்த்து, "கொச்சியாவது, மண்ணாங்கட்டியாவது" என்றேன்.

எஞ்சினைக் கிளப்பியதும் வீணை போய்க் கரகரவென்று சத்தம் வந்தது. அதற்கு அவர் பயப்படவில்லை. எஞ்சின் பிளக்கில் பொறி விழுகிற சத்தத்தையும் ரேடியோ சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்றார். பிளக் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரெசிஸ்டென்ஸைச் சொருகினார். டைனமோவுக்கு ஒரு கண்டென்சரைக் கட்டினார். எஞ்சின் ஓட ஓடப் பாட்டுச் சுத்தமாக வந்தது. அவரைக் கெட்டிக்காரர் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். அடிக்கடி சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

ஆனால் வண்டி நகர்ந்தால் போச்சு. நின்றால் பாடும். ரோட்டில் ஒரு குழியில் இறங்கினால் கரகர. இன்னொரு குழியில் ஊமை. திட்டிக்கொண்டே நிறுத்தினால் மறுபடி பாடும். வீட்டுக்குள் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் மணிக்கணக்காகப் பாடும். அவர் பிளக்கை மாற்றினார். டின்னைத் திரும்பப் பற்றவைத்தார். வால்வு ஒவ்வொன்றையும் பிடுங்கி மாட்டினார். சக்கரம் ரோட்டில் உரசுவதால் கூடக் கரகரப்பு வரும் என்று சக்கரத்தில் போய்த் தடவிக்கொண்டு நின்றார். பாவம், ஆள் பாதியாகிவிட்டார்.

ஐந்தாம் மாதம் பிறக்க எட்டு நாள் இருக்கும்போது முதலாளியே ஏறி உட்கார்ந்தார். "எங்க, பாடச் சொல்லு" என்றார். சேத்தூர் ரோட்டில் போனார்கள். இரண்டு மைல் தாண்டவில்லை, ரேடியோ பன்றி மாதிரி உறுமிவிட்டு அடங்கிவிட்டது. முதலாளி தெலுங்கில், "ஏமிரா இதி?" என்று கேட்டாராம். இறங்கும்போதுதான் சொன்னாராம்: "கார வாங்க ஆள் பாத்தாச்சு. பிள்ளையக் கொண்டு விட்டுட்டு வந்த மறுநாள் லாரியில ஏறிக்க."

அன்று நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "பட்டாளத்துல மூணு வருஷம் என்ன கிழிச்சீக? பெட்டியத் தொறந்து தூசி தட்டுனீகளா? ஒரு டப்பாவ ஆடாம வைக்கத் தெரியல, பெரிய சிக்னலு! உங்க கைதான் வெளங்காத கை!" என்றேன். அவர் பச்சைப் பையைப் பரணிலிருந்து எடுத்து வெயிலில் காயப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வாய் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். அவர் ரேடியோவைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காரை விற்கும் முன் எடுத்துவிட வேண்டுமே. கழற்றும்போது ஸ்பீக்கர் கம்பி ஒன்று பிய்ந்துவிட்டது. எப்படியும் போகிற சாமான், இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. பிளேடை எடுத்துக் கம்பி நுனியை மெள்ளச் சுரண்டினார். நான் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து நின்றேன்.

"இருக்குறதே நூலு கணக்கா இருக்கு. அதப் போட்டு எதுக்குச் சுரண்டுதீக?"

"கம்பி மேல வார்னிஷ் பூசியிருக்கான்ட்டி. சுரண்டாம ரெண்டு கம்பியச் சேத்தா, பாக்கச் சேந்த மாதிரிதான் இருக்கும். கரண்டு போகாது."

"முடிச்சுப் போட்டா?"

"முடிச்சுப் போட்டா என்ன, கட்டிப் புடிச்சு நின்னா என்ன? சுரண்டணும், பொறவு ஈயம் வைக்கணும். இல்லைன்னா தொட்டும் தொடாம கிடக்கும். ஆடுனா விட்டுரும்."

ஆடினால் விட்டுவிடும். எனக்குக் காதில் அதுதான் நின்றது. அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டேன். உலை கொதிக்கிறது, நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சொல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. முப்பது அடுக்குக்குள் புதைந்து கிடக்கிற, நானே தடவியும் அகப்படாத முடிச்சு. அவர் தன் கைதான் விளங்காத கை என்று நம்பிக்கொண்டு லாரியில் ஏறுவார், என் பெயருக்கு ஒன்றும் ஆகாது. ரீலிங்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதும் அப்படியே இருக்கும். இப்படி நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன். சோறு பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. போய்ச் சொல்லிவிட்டேன்.

"இங்க பாருங்க. சுத்தும்போது கம்பி அறுந்துச்சு. நான் முடிச்சுப் போட்டேன். சுரண்டல."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதற்கும் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன், அது எனக்கு லேசு. அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"எந்த இடத்துல?"

"இருபத்து மூணாவது மணி. பாதியில."

"ஏட்டி, இது மட்டும் ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தாரே பார்க்கவேண்டும்! எனக்கு அழுகையாக வந்துவிட்டது. "சிரிக்காதீக, அடிச்சிருவேன்" என்றேன்.

கைத் துளைப்பானை மறுபடி நிலைப்படியில் கட்டினோம். மேலிருந்து ஏழு மணிக் கம்பியைப் பிரித்து ஒரு குப்பியில் சுற்றினோம். எட்டாவதுக்கு வந்ததும் நான் மெதுவாக விட்டேன், அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். எண்பது சுற்றும் போய்விட்டது. முடிச்சு இல்லை. திருப்பிச் சுற்றி மறுபடி விட்டோம். இல்லை. "இப்படி முடிச்சுப் போட்டா எவன்ட்டி கண்டுபிடிப்பான்?" என்று அவர் நொந்துகொண்டார். மில்லில் மேஸ்திரி தடவித் தேடியபோது எனக்கு எத்தனை குளிர்ச்சியாக இருந்ததோ, அத்தனைக்கும் அன்று பட்டேன்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. மெல்லிய நூலில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க, நாங்கள் விரலை நம்ப மாட்டோம். வேலை செய்து காய்த்துப்போன விரல். கீழுதட்டில் ஓட விடுவோம். கம்பியை உதட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "விடுங்க" என்றேன். நாற்பது சுற்றுக்கு ஒன்றிரண்டு முன்னால் உதட்டில் சுருக்கென்றது. பார்த்தால் கடுகில் பாதி கூட இல்லை. கறுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதற்குள் பொறி விழுந்து கருகியிருக்கிறது.

அதை வெட்டிப் போட்டோம். இந்தத் தடவை நானே பிளேடால் சுரண்டினேன். அவர் ஈயம் வைத்து ஒட்டினார். நான் அதன்மேல் பட்டு நூல் சுற்றி, மெழுகுத் தாள் வைத்து, மிச்சத்தைச் சுற்றி முடித்தேன். புதிதாக ஒட்டிய இடம் உளுந்து அளவுக்கு உருண்டையாக, அசிங்கமாக இருந்தது. மில்லாக இருந்தால் மேஸ்திரி மூஞ்சியில் எறிந்திருப்பார்.

கொண்டு விடுகிற நாளில் நல்ல நேரமும் திருச்சி ரேடியோ நிலையம் பாடுகிற காலை நேரமும் ஒன்றாக அமைந்தன. இவர் முதலாளியிடம், "பெட்டியப் புடிச்சுக்க எங்க வீட்டுல முன்னால உக்காரட்டும்" என்று கேட்டார்.

"இன்னும் அந்தச் சனியனக் கழத்தலையா?" என்றார் முதலாளி. கழற்றியதும் மாட்டியதும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏறச் சொன்னார். பின்னால் அவரும் அவர் வீட்டம்மாவும், பிள்ளையை மடியில் வைத்த மகளும். முன்னால் சீர்ச் சாமான் கூடைகளுக்கு நடுவில் நான்.

ராஜபாளையம் எல்லை தாண்டியதும் இவர் சுவிட்சைத் திருப்பினார். நான் பெட்டியைப் பிடிக்கவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். பிடித்தால்தான் பாடுகிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. நாதஸ்வரம் வந்தது. கண்மாய்க் கரை வளைவில் ரோடு பெயர்ந்து கிடந்தது. வண்டி ஒரு குழியில் இறங்கிக் குதித்ததில் கூடையிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு என் காலில் விழுந்தது. பிள்ளை விழித்துக்கொண்டது. நாதஸ்வரம் நிற்கவில்லை. இன்னொரு குழி. நிற்கவில்லை. எனக்குக் கால் வலியே தெரியவில்லை. பின்னால் முதலாளி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

சம்பந்தி வாசலில் மேளத்துக்குச் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் மேளத்தோடு போய் நின்றோம். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள் காரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சம்பந்தி வந்து குனிந்து பார்த்து, "எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டார்.

"உள்ளூர்ச் சரக்குதான், நம்ம டிரைவர் செஞ்சது" என்றார் முதலாளி. சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு இவர் பக்கம் திரும்பி, "ஏலே, போன வாரம் என்ன கேடு வந்துச்சு அதுக்கு?" என்றார்.

"என் கை வேலைதான் மொதலாளி. ஒரு கம்பியச் சரியா ஒட்டாம விட்டுட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அது தாங்கவில்லை. விளங்காத கை என்று நான் வாய்க்கு வந்தபடி சொன்ன கை அது. கூடையைத் தள்ளிவிட்டு இறங்கினேன். "பொய் சொல்லுதாக மொதலாளி. அது நான் போட்ட முடிச்சு. நூலுக்குப் போடுறத கம்பிக்குப் போட்டுட்டேன். அவிய மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். அத்தனை பேர் முன்னாலும் என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

முதலாளி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "லாரிக்கு வேற ஆளப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேரனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று பொழுது சாய அவர் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெயிலில் காய்ந்த பச்சைப் பையை மடித்துப் பரணில் போட்டார். கை கழுவிவிட்டு, காற்றுக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் அடுப்படியில் இருந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னட்டி, சத்தத்தையே காணோம்?" என்றார்.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.